அந்தோணிமுத்துவின் வினைமுற்று

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து கோவில் படியிறங்கும்போது, அந்தோணிமுத்து ஒரு தீர்மானம் எடுத்தார். கடல் தாண்டிப் போய், பத்து நாளும், தான் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தானே தொடங்கித் தானே முடிப்பது.

கேட்பதற்குச் சின்ன ஆசைதான். ஆனால் முப்பத்தோரு வருடமாக நிறைவேறாத ஆசை.

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருக்குப் பூட்டுக் கடை. கடையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பெயர்ச்சொற்களே அங்கே போதும். பூட்டு. சாவி. ரெண்டு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும்தான் தொல்லை ஆரம்பிக்கும். அவர் மனைவி செபாஸ்தியம்மாள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அதுதான் கொடுமை. அவள் பேசுவதெல்லாம் ஒரே ஒரு சொல். அவருடைய வாக்கியத்தின் கடைசிச் சொல்.

"நான் நாளைக்கு வத்தலக்குண்டு வரைக்கும்..."

"போகல."

"இல்ல, அங்க ஒருத்தரு எனக்குப் பத்து டஜன் தாப்பாள்..."

"தரமாட்டாரு."

"சோத்துக்கு வெஞ்சனமா அந்த அவரைக்காய..."

"வச்சாச்சு."

தமிழில் இப்படி ஒரு சங்கடம் உண்டு. வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. ஒருவன் வந்தானா, வரவில்லையா, வந்து வாங்கிக் கட்டிக்கொண்டானா என்பது கடைசிச் சொல் வரும்வரை யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வினைமுற்று என்று சொல்லிக் கொடுத்தார்களே, அந்தச் சொல்தான் செபாஸ்தியம்மாளின் வசம் இருந்தது. எழுவாய் அவர். செயப்படுபொருளும் பெரும்பாலும் அவரே. வினை மட்டும் அவளுடையது.

இதை ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான். பீடத்துக்கு முன்னால், சபை முழுக்கக் கேட்கும்படி, "செபாஸ்தியம்மாள் என்னும் உன்னை என் மனைவியாக" என்பது வரைக்கும் கணீரென்று வந்தவர், அங்கே நின்றுவிட்டார். சாமியார் காத்திருந்தார். வடமதுரையிலிருந்து வந்திருந்த பெண்வீட்டார் ஒருவர் மாற்றி ஒருவர் இருமினார்கள். கடைசியில் முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் எடுத்துக் கொடுத்தது. "ஏற்றுக்கொள்கிறேன்."

அன்று ஆரம்பித்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. குறுக்கே பேசி அந்த வழக்கத்தைக் கலைக்க அங்கே வேறு வாய் இருக்கவில்லை.

இனி அந்தக் கடல் தாண்டும் விஷயம்.

அவர்கள் கோவில் பங்கில் ஒரு பொம்மை நாடகக் குழு இருந்தது. கையில் மாட்டி ஆட்டுகிற துணிப் பொம்மைகள். ஒரே நாடகம், யோனா. நினிவே நகரத்துக்குப் போ என்று கடவுள் சொல்கிறார். யோனா வேறு திசைக்குக் கப்பல் ஏறுகிறான். புயல் வருகிறது. கடலில் தூக்கிப் போடுகிறார்கள். பெரிய மீன் ஒன்று அவனை விழுங்கி, மூன்று நாள் வயிற்றில் வைத்திருந்து, மனம் திருந்தியதும் கரையில் கக்குகிறது. தேங்காய் நார்த் தாடி வைத்த யோனாவை அந்தோணிமுத்து ஆட்டினார். கப்பல் தலைவனும் நினிவே ராஜாவும் ஆட்டோ ஓட்டுகிற பாண்டியராஜ். கடவுளுக்குப் பங்குத்தந்தையே குரல் கொடுத்தார். அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. மீன் செபாஸ்தியம்மாள்.

மீனைத் தைத்ததும் அவள்தான். நாலடி நீளம். அவளுடைய கிளிப்பச்சைப் பட்டுச் சேலையை வெட்டித் தைத்தது. செதிலுக்குச் சரிகை, கண்ணுக்குக் கோட்டுப் பொத்தான். யோனா பேசும்போது முன்வரிசைப் பிள்ளைகள் முறுக்குத் தின்னும். மீன் வாயைத் திறந்தால் முறுக்கு பாதியில் நிற்கும்.

இலங்கையின் மலைநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு சாமியார் இதைப் பார்த்தார். ஆகஸ்டு லீவில் பத்து நாள் வாருங்கள், ஆறு தேயிலைத் தோட்டங்களில் எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள், எட்டுப் பேருக்கு வேனில் இடம் உண்டு என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டியல் எழுதும் பொறுப்பு குழுச் செயலாளர் அந்தோணிமுத்துவுக்கு வந்தது.

அவர் ஏழு பேர் எழுதினார். எட்டாவது இடத்தைப் பொம்மைப் பெட்டிக்கு எழுதினார்.

அன்று சாயங்காலம் செபாஸ்தியம்மாள் மீனின் வாலுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"செபஸ்தி, வேன்ல எட்டுப் பேருக்குத்தான்..."

"எடம் இருக்கு."

"அதனால உன்னய இந்தத் தடவ..."

அவள் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சொல் வரவில்லை. அவர் வேறு பக்கமாகச் சுற்றி வந்தார்.

"அங்க சுத்தியும் கடலு. மீனு அங்கயே..."

"கெடைக்கும். யோனாவ முழுங்குற சைஸுல சந்தையில கூறு கட்டி விக்கிறாகளாக்கும்."

"இல்ல புள்ள, இதே மீனத்தான் பாண்டியராஜ் கையில..."

"மாட்டிக்கிருவான். நான் ஏன் வரக்கூடாது, அதச் சொல்லுங்க."

"உனக்குத்தான் பாஸ்போர்ட்டு..."

அவள் முடிக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். ஊசியைப் பெட்டியில் குத்திவைத்தாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என்றைக்காவது தனியாக எங்காவது போகலாம் என்று, போன வருடமே அவர் தனக்கு மட்டும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். "ரேஷன் கார்டு விசயமா மதுரைக்கு..." என்று அன்று அவர் சொல்ல, "போறீக" என்று அவளும் முடித்துக் கொடுத்திருந்தாள். இப்போது ஒரு வாக்கியத்தை முதல்முறையாக அவர் கையிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். அதை 'இல்லை' என்று மனதுக்குள் அவரே முடித்துக்கொண்டார். அவர் தானாக முடித்த ஒரே வாக்கியம் அதுதான். அதுவும் தப்பு.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு நசீம் பானு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பேசுவது கேட்டது.

"ஏங்க்கா, அண்ணன் வெளிநாடு போறாராமே. நீ போகலியா?"

"மீனுக்கு எடமில்லையாம் பானு."

"மீனில்லாம எப்புடிக்கா? எங்க யூனுஸ் நபிதானே உங்க யோனா. மீன் வயித்துல கெடந்தாத்தானே அவருக்குப் புத்தியே வரும்."

"வரும் வரும். நீ கடைவீதிக்குப் போனா எனக்கு ரவிக்கைக் கொக்கி ஒரு அட்டை வாங்கிட்டு வா."

பிறகு இரண்டு பேரும் செத்த நேரம் சிரித்தார்கள். ரவிக்கைக் கொக்கியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அந்தோணிமுத்து மோவாயைச் சுரண்டிக்கொண்டார்.

சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் ஒத்திகை. யோனாவைக் கடலில் போட்டாயிற்று. பாண்டியராஜ் மீனைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தான். மீன் யோனாவிடம் வந்து, அவனை மூக்கால் முட்டி, நின்றது.

"ஃபாதர், மீனு வாயத் தொறக்க மாட்டேங்குது."

"நல்லா இழுத்துப் பாரு."

"உள்ள வரிசையாக் கொக்கி இருக்கு ஃபாதர். ஒண்ணக் கழட்டுனா முன்னாடி கழட்டுனது மாட்டிக்கிருது."

"அந்தோணிமுத்து, பூட்டுக் கடைக்காரரு நீங்க பாருங்க."

அந்தோணிமுத்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றி வைத்துவிட்டுத் தடவிப் பார்த்தார். சாவி தொலைந்த பீரோக்களை ஒரு கம்பியால் திறந்தவர் அவர். பழைய பங்களாக்களின் கதவுகளுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பதினாலு ரவிக்கைக் கொக்கிகளுக்கு முன்னால் அவர் வித்தை பலிக்கவில்லை. யோனா கடலில் இருபது நிமிடம் நீந்தினான். தாடி கழன்று விழுந்தது.

"இதத் தச்சது யாரு?" என்றார் பங்குத்தந்தை.

மண்டபத்தின் கடைசி பெஞ்சில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாள் எழுந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டாள். மீன் ஒரு கொட்டாவி விட்டது. யோனாவை முழங்கை வரைக்கும் விழுங்கியது.

"அப்ப நீங்களும் வந்தாகணுமேம்மா. அந்தோணிமுத்து, இவுங்க பேரு ஏன் லிஸ்ட்ல இல்ல?"

"ஃபாதர், அவளுக்குப் பாஸ்போர்ட்டு..."

"இருக்கு ஃபாதர்," என்றாள் செபாஸ்தியம்மாள்.

நசீம் பானு மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதற்காக இரண்டு வருடம் முன்னால் மதுரைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனாள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு இவளைத் துணைக்குக் கூப்பிட்டாள். போன இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று இவளும் தனக்கு ஒன்று எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தாள். இரண்டு பேரும் சேலை எடுக்கப் போனதாக அந்தோணிமுத்து நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது அவர் கேட்டார். "எங்கிட்ட நீ ஒரு வார்த்தகூட..."

"சொல்லல. நீங்களுந்தான்."

பொம்மைப் பெட்டியின் இடம் போயிற்று. ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். அந்தோணிமுத்து தெருவிலேயே நின்று, நாலைந்து தடவை முயன்று, கையையும் காலையும் ஆட்டி ஒரு நிபந்தனையைப் போட்டு முடித்தார். அதன் சாரம்: யோனாவுக்குத்தான் வசனம். மீனுக்கு வசனம் கிடையாது, வேதாகமத்திலேயே கிடையாது. ஆகவே கடல் தாண்டியதிலிருந்து திரும்பும்வரை அவர் பேச்சுக்குக் குறுக்கே அவள் வாயைத் திறக்கக் கூடாது.

"சரி," என்றாள் உடனே. "நான் மீனு. நீங்களா வாய்விட்டுக் கேக்குற வரைக்கும் தொறக்க மாட்டேன்."

கேட்பதாவது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாளே என்று அவர் மகிழ்ந்தார். இவ்வளவு சுலபமாக அவள் எதற்குமே ஒத்துக்கொண்டதில்லை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, வேனில் நாள் முழுக்க வளைந்து வளைந்து ஏறினார்கள். தோட்டத்துக் கோவிலில் வெள்ளை உடுப்புச் சிஸ்டர் ஒருவர் வரவேற்றார். நூறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

"ஐயா, பிள்ளைகளோட நீங்க கொஞ்சம் கதையுங்க," என்றார் சிஸ்டர்.

அந்தோணிமுத்துவுக்கு முகம் சுருங்கியது. திண்டுக்கல்லில் கதை விடுகிறவன் என்றால் பொய்க்காரன். பாஸ்போர்ட் விவகாரத்தை இவள் இங்கே வந்து ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிட்டாளா என்று மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். நான் மீன்.

"பேசச் சொல்றாங்க," என்று பாண்டியராஜ் காதில் சொன்னான். "இங்கிட்டு கதைக்கிறதுன்னா பேசுறது."

அந்தோணிமுத்து முன்னால் வந்து தொண்டையைச் செருமினார். இந்த நாளுக்காகத்தான் இத்தனை வருடம்.

"அன்பான பிள்ளைகளே. நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து, கடலைக் கடந்து, மலை ஏறி, உங்கள் அனைவரையும்..."

அங்கே வாக்கியம் நின்றது. படியிறங்குகிறவன் இல்லாத படிக்குக் காலை நீட்டியது மாதிரி அவர் நின்றார். பழக்கத்தில் காது பின்பக்கம் போயிற்று. செபாஸ்தியம்மாள் தேயிலைச் சரிவில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். இந்தியாவில் வணக்கம் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று பிள்ளைகள் கைதட்டின.

அடுத்த இரண்டு நாளில் அவர் கண்டுகொண்டது இது. சொற்கள் எல்லாம் இருந்தன. கடைசிச் சொல் மட்டும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தார். அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. "எனக்கு இன்னும் ரெண்டு ரொட்டி..." என்று சமையல்கார அம்மாளிடம் சொன்னார். வேண்டுமா வேண்டாமா என்று அந்த அம்மாள் காத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு தட்டோடு போய்விட்டாள். "இந்தக் குளுருக்கு ஒரு கம்பளி..." என்றார். கம்பளி அழகாக இருப்பதாகச் சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு, அரைவயிறாகக் கிடந்த கணவரைச் செபாஸ்தியம்மாள் பார்த்தாள். தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள். பேசவில்லை.

"எழுதி வச்சு வாசிங்கண்ணே," என்றான் பாண்டியராஜ், நாடகத்தன்று காலையில்.

அவர் முறைத்தார். வாசிக்க இதென்ன பட்ஜெட்டா? யோனாவின் வசனத்தை அவர் பங்கில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. அப்போதெல்லாம் திரைக்குப் பின்னால் பக்கத்திலேயே, மீனுக்கு அடியிலிருந்து, மெல்லிய குரலில் ஏதோ எதிரொலி வந்துகொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. அது யார் குரல் என்று அவர் யோசித்ததில்லை.

மூன்று மணிக்கு நாடகம். தகரக் கூரையில் தூறல். சிஸ்டர் அவர் சட்டைக் காலரில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டார். புயல் வந்தது. யோனா கடலில் விழுந்தான். கிளிப்பச்சை மீன் எழுந்து வந்து வாயைத் திறந்தபோது நூறு பிள்ளைகளும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தன. மீன் விழுங்கியது. அந்தோணிமுத்துவின் கை முழங்கை வரை உள்ளே போய், மனைவியின் இரண்டு கைகளுக்கும் நடுவில் நின்றது.

இனி யோனாவின் மன்றாட்டு. நாடகத்திலேயே நீளமான பேச்சு.

"ஆண்டவரே, இந்த இருட்டுக்குள்ளிருந்து நான் உம்மை..."

தூறல் கேட்டது.

"ஆண்டவரே, இந்த இருட்டுக்குள்ளிருந்து..." என்று மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் அதே இடம். கல்யாணப் பீடம் போல எல்லாரும் காத்திருந்தார்கள். இருமுவதற்குத்தான் பெண்வீட்டார் இல்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். காலரில் மைக் இருப்பதை மறந்துபோனார்.

"ஏ செபஸ்தி. அடுத்த வார்த்த..."

ஒலிபெருக்கியில் அது கணீரென்று வந்தது. மீன் தலையை இடமும் வலமும் ஆட்டியது. முன்வரிசை சிரித்தது.

"யோனா ஏன் கதைக்காம இருக்கார்?" என்றது ஒரு பெண்குழந்தை.

"மீனுக்குக் கோவம்," என்றது இன்னொன்று.

"புள்ள, மானம் போகுது. உன்னய ஊர்லயே விட்டுட்டு வரணும்னு நான் நெனச்சதுக்கா இம்புட்டுக்..."

"கோவம்," என்று நாலைந்து பிள்ளைகள் முடித்துக் கொடுத்தன. மீன் ஆமாம் என்று தலையசைத்தது. அவருடைய கையைச் சுற்றிக் கொக்கிகள் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டன.

"பாஸ்போர்ட்டு விசயத்துல நான் உங்கிட்டப் பொய்..."

"சொன்னீங்க," என்றது பாதி மண்டபம். விளையாட்டு அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

மீன் பாதிக் கொக்கி அளவுக்கு வாயைத் திறந்து, யோசித்து, மூடிக்கொண்டது. திரைக்கு அந்தப் பக்கம் நினிவே ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். கடவுள் தன் வசனத்தை மறந்து போனார்.

அந்தோணிமுத்து இருட்டுக்குள் தன் கையைப் பிடித்திருந்த கைகளை உணர்ந்தார். பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. வலிக்கவில்லை.

"செபஸ்தி," என்றார் மெதுவாக. "நான் வாய்விட்டே கேக்குறேன்." கேட்ட பிறகுதான், அந்த வாக்கியம் எப்படியோ முழுசாக வந்துவிட்டதை உணர்ந்து ஒரு கணம் அவரே திகைத்தார். அந்தத் திகைப்பில் அடுத்தது பழையபடி உடைந்தது. "எனக்கு நீ சொல்லித்..."

பதினாலு கொக்கிகளும் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் மைக்கில் கேட்டது. கிளிப்பச்சை வாய் அகலத் திறந்தது.

"தாரேன்," என்றது மீன்.

பிறகு மன்றாட்டு நடந்தது. நான் உம்மை, என்றான் யோனா. கூப்பிடுகிறேன், என்றது மீன். பாறைகள் என்னைச் சுற்றி, என்றான். சூழ்ந்தன, என்றது. நடுவில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. கடைசியில் யோனா நிமிர்ந்து, "இனிமேல் உம்மை விட்டு வேறு திசைக்கு நான்..." என்றதும், மீனும் நூறு பிள்ளைகளும் சிஸ்டரும் சேர்ந்து "போக மாட்டேன்" என்று கூரை அதிரச் சொன்னார்கள். மீன் அவனைக் கக்கியது.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் மீனைச் சூழ்ந்துகொண்டன. ஒவ்வொன்றாக அதன் வாய்க்குள் கையை விட்டு, உள்ளே இருந்த கையைக் குலுக்கிவிட்டுப் போயின. கடைசிக் குழந்தை போகிறவரைக்கும் செபாஸ்தியம்மாள் கையை வெளியே எடுக்கவில்லை.

அந்தோணிமுத்து சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பற்றினார்.

"ஐயா, என்ன அருமையா எழுதியிருக்கீங்க. மற்ற அஞ்சு தோட்டத்திலயும் இந்த மாதிரியேதான் போடணும். ஒரு சொல்லும் மாத்தக் கூடாது."

அப்படியே போட்டார்கள். ஐந்து தோட்டங்களில், ஐந்து நாள், காலரில் மைக்கோடு, அந்தோணிமுத்து தன் பாஸ்போர்ட் பொய்யை வரிக்கு வரி ஒப்புக்கொண்டார். கடைசித் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் கூடையோடு வந்து நின்று பார்த்தார்கள். "எங்க வீட்டு யோனாவையும் கூட்டிவந்திருக்கலாம்" என்று ஒருத்தி சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, அந்தோணிமுத்து மதிலோரம் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் நசீம் பானு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எப்புடிண்ணே இருந்துச்சு வெளிநாடு?"

அவர் வாயைக் கொப்பளித்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். செபாஸ்தியம்மாள் அடுப்படியில் இல்லை. கறிவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள். வீடு வெறுமையாக இருந்தது. குறுக்கே யாரும் இல்லை. இப்போது விட்டால் எப்போது? அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பானு, அந்தப் பத்து நாளும், நான் பேசுன அம்புட்டு வாக்கியத்தையும், யாரு தயவும் இல்லாம, நானே..."

மூச்சை இழுத்துக்கொண்டு அந்தக் கடைசிச் சொல்லை எட்டிப் பிடிக்கப் போனார்.

"முடிக்கலன்னு அக்கா நேத்தே சொல்லிருச்சுண்ணே," என்றாள் நசீம் பானு, துணியை உதறிக்கொண்டே.